மூச்சுக்கு ஒரு கிளை

பேய் என்றால் நடுச்சாமம் வேண்டும், நாய் ஊளையிட வேண்டும், விளக்கு அணைய வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இது ஏமாற்றமாகத்தான் இருக்கும். இது நடந்தது பட்டப்பகலில். தேயிலைக் கொழுந்து நிறுக்கும் சத்தம் காதில் விழுகிற தூரத்தில். நடந்தது என்றுதான் சொல்கிறேன், கவனியுங்கள். அங்கம்மா பொய்யே சொல்லாதவள் என்று சாதிக்க மாட்டேன். கங்காணியிடம் காய்ச்சல் என்று சொல்லிவிட்டுப் பதுளைக்குப் படம் பார்க்கப் போனவள்தான் அவளும். ஆனால் பெற்ற பிள்ளையின் தலையில் கை வைத்து ஒருத்தி சொல்லும்போது, அதை எப்படி நம்பாமல் இருப்பது?

வருடம் 1978. இலங்கை மலைநாட்டில், மடுல்சீமைக்கு மேலே, பஸ் ஏறி வராத ஒரு தேயிலைத் தோட்டம். அங்கம்மாவுக்கும் நல்லையாவுக்கும் கல்யாணமாகி ஒரு வருடத்துக்குள்ளேயே தனிக் காம்பரா கிடைத்துவிட்டது. லயத்தில், அந்த ஒட்டு வீட்டு வரிசையில், புதுசாகக் கட்டிக்கொண்டவர்களுக்குத் தனி அறை என்பது குதிரைக்கொம்பு. மாமியார் வீட்டு அடுப்படியில் சேலையைத் திரை கட்டித் தூங்குகிறவர்கள்தான் அதிகம். அப்படியிருக்க, லயத்தின் கோடிக் காம்பராவை, குடியுரிமை ஒப்பந்தத்தில் இந்தியா போன குடும்பம் ஒன்று விட்டுப்போன அறையை, கங்காணி கேட்டதும் கொடுத்துவிட்டார். ஆறேழு வருடமாக அதில் உரச் சாக்குகள்தான் கிடந்தன. ஏன் யாரும் குடியிருக்கவில்லை என்று அங்கம்மா கேட்கவில்லை. கிடைத்ததே போதும் என்று சாணம் போட்டு மெழுகி, சாமி படம் மாட்டிக் குடிபோய்விட்டாள்.

நல்லையா மலைக்குப் போகிற ஆள் இல்லை. சின்ன வயதிலிருந்தே ஸ்டோரில் வேலை. தேயிலைத் தொழிற்சாலையைத்தான் அங்கே ஸ்டோர் என்பார்கள். கொழுந்தை அரைக்கிற வேலை இரவில் நடக்கும். அதனால் ஊர் தூங்கும்போது அவன் விழித்திருப்பான். காலையில் பெரட்டுக் களத்தில் பேர் பதிந்துவிட்டு ஊர் மலையேறும்போது அவன் வீட்டுக்கு வந்து சுருண்டு படுப்பான். 

அந்தக் காம்பராவில்தான் அவர்களுக்குத் தலைப்பிள்ளை பிறந்தது. பெண். முப்பதாம் நாள் சடங்கு, முப்பது என்பார்கள், அது கழியாததால் இன்னும் பெயர் வைக்கவில்லை. 

அந்தக் குழந்தை படுத்திருந்த விதத்தைச் சொல்லிவிட வேண்டும். தகரக் கூரை குளிருக்கு வேர்க்கும். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும், கூடவே அடுப்புக் கரியும் விழும். அதனால் பிறந்த குழந்தையைச் சுற்றி மண் தரையில் நான்கு குச்சிகளை நட்டு, மேலே பழைய வேட்டித் துணியை விரித்துக் கட்டிவிடுவார்கள். குச்சி என்றால் வேறொன்றுமில்லை, கவ்வாத்தில், அதாவது செடியைத் தரித்துவிடும்போது, வெட்டிப் போட்ட தேயிலைக் கிளைதான். விறகுக்குக் கொண்டுவருகிற அந்த மிலாறில் நேராக இருக்கும் நான்கைப் பொறுக்கிக்கொள்வார்கள். நல்லையாவின் அக்கா பெரியாயிதான் அதையெல்லாம் செய்தாள். அதே லயத்தில் மூன்று கதவு தள்ளி இருந்தவள். பிள்ளைக்குக் குளிப்பாட்டி, புகை போட்டு, கடைசியாகப் பாயின் தலைமாட்டில் ஒரு கவ்வாத்துக் கத்தியைச் சொருகிவிட்டுத்தான் மலைக்குப் போவாள்.

“பச்ச ஒடம்புக்காரி. பக்கத்துல இரும்பு இருக்கணும். ஒண்ணும் அண்டாது,” என்றாள்.

அந்தக் கத்தி எப்படியிருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். நுனி வளைந்து, கட்டை விரல் தடிமன் கிளையை ஒரே இழுப்பில் அறுத்துவிடும்.

முதல் தடவை நடந்தபோது குழந்தைக்குப் பத்து நாள்கூட ஆகியிருக்காது. காலை பத்து மணி. லயத்தில் ஒரு குஞ்சு குருவி இல்லை, எல்லாரும் மலையில். சுவரோரம் குழந்தை, அதற்கு அடுத்து பாயில் அங்கம்மா, அந்தப் பக்கம் சாக்குக் கட்டிலில் நல்லையா. இரவெல்லாம் பால் கொடுத்த அசதியில் அவள் கண் அசந்துவிட்டாள்.

சரக்...

அந்தச் சத்தத்தில்தான் விழித்தாள். மலையில் தினமும் கேட்ட சத்தம். ஆனால் வீட்டுக்குள் கேட்கக்கூடாத சத்தம்.

சரக்... சரக்...

திரும்பிப் பார்க்க நினைத்தாள். கழுத்து திரும்பவில்லை. கையைத் தூக்க நினைத்தாள். கை அவளுடையதாகவே இல்லை. வாயைத் திறக்க முடியவில்லை. கண் மட்டும் ஓடியது.

நல்லையா பாயின் பக்கத்தில் குந்தியிருந்தான். கண்கள் மூடியிருந்தன. இடது கை அவளுடைய காலுக்கு மேலே எதையோ சேர்த்துப் பிடித்தது. வலது கை கீழிருந்து மேலே இழுத்தது. மறுபடி சேர்த்துப் பிடித்தது. மறுபடி இழுத்தது. கால், இடுப்பு, கை என்று மெல்ல நகர்ந்து வந்தான். நெஞ்சுப் பக்கம் வந்ததும் நின்று, எதையோ வெட்டாமல் விடுவது போல ஒதுக்கினான்.

கையில் கத்தி இல்லை. வெறும் கை. ஆனால் சத்தம் கேட்டது.

பிறகு எழுந்துபோய்க் கட்டிலில் படுத்துக் குறட்டை விட ஆரம்பித்தான். அப்போதுதான் அங்கம்மாவின் விரல் அசைந்தது. 

மத்தியானம் பெரியாயி வந்ததும் சொல்லி அழுதாள். பெரியாயி அலட்டிக்கொள்ளவே இல்லை. “அமுக்குவான் அமுக்கியிருக்கு. அசதியில படுத்தா வரும். அதுக்குத்தானே இரும்பு வச்சிருக்கேன்?” என்றாள். தம்பியைப் பற்றிக் கேட்டதற்கு, “அவன் சின்னதுலருந்தே தூக்கத்துல ஒளறுவான்,” என்று சிரித்துவிட்டாள்.

அங்கம்மாவும் சிரிக்கப் பார்த்தாள். ஆனால் ஒன்று அவளை அரித்தது. நல்லையா செய்தது கவ்வாத்து. அதில் சந்தேகமே இல்லை, அவள் மலையில் வளர்ந்தவள். தேர்ந்த கவ்வாத்துக்காரன் செடியை மொட்டையாக வெட்டினாலும் ஒரே ஒரு கிளையை மட்டும் விட்டுவைப்பான். புதுத் துளிர் வரும்வரை செடி மூச்சு விடட்டும் என்று. அதையும் வெட்டிவிட்டால் சில செடி தப்பாது, வேரோடு செத்துவிடும். நெஞ்சுக்குப் பக்கத்தில் அவன் ஒதுக்கிவிட்டது அந்தக் கிளையைத்தான்.

நல்லையா வாழ்நாளில் கவ்வாத்துக் கத்தியைத் தொட்டதில்லை.

இரண்டாம் தடவை நடந்தபோது கத்தி அவன் கையில் இருந்தது.

தலைமாட்டிலிருந்து அவன் அதை உருவும்போதே அவள் விழித்துக்கொண்டாள். ஆனால் என்ன பிரயோசனம்? அவன் அசைகிற நேரத்தில் அவளால் அசைய முடியவில்லை. கத்தியின் குளிர் காலில் பட்டது, முழங்கையில் பட்டது. ஒரு கீறல்கூட விழவில்லை. அவ்வளவு சுத்தமான கை. நெஞ்சுக்கு வந்து, ஒரு கிளையை ஒதுக்கி, நிறுத்தினான். பிறகு... மெதுவாகக் குழந்தையின் பக்கம் தலையைத் திருப்பினான். கேட்டுக்கொண்டிருப்பவன் போல ஒரு நிமிடம் தலையைச் சாய்த்தான். சரி என்பதுபோல ஆட்டினான். கத்தியைப் பழைய இடத்தில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்தான்.

உடம்பு திரும்பியதும் அவள் அவனைப் போட்டு உலுக்கினாள்.

“என்னாங்க கனவு கண்டீங்க? சொல்லுங்க!”

அவன் கண்ணைக் கசக்கினான். “மல... பனி மூட்டமா இருக்கு. யாரோ எனக்குக் கவ்வாத்து பழக்குறாரு.”

“யாரு?”

“பின்னால நிக்கிறாரு. மொகம் தெரியல. ‘ஒரு கெளய விடு, மூச்சுக்கு’ன்னு சொல்லுறாரு.”

“அப்புறம்?”

நல்லையா யோசித்தான். அவன் முகம் மாறியது. “ஓரத்துல ஒரு சின்னச் செடி இருக்கு. ‘அத இன்னொரு நாளைக்கு வெட்டலாம்’னாரு.”

அங்கம்மா குழந்தையை வாரி மார்போடு அணைத்துக்கொண்டாள். அந்த நிமிடத்தில் தன் புருசனைப் பார்த்தே அவளுக்குப் பயமாக இருந்தது. அவன் எவ்வளவு நல்லவன் என்று அவளுக்குத் தெரியும். நல்லவன் கையில் இருந்தாலும் கத்தி கத்திதானே.

மறுநாளே குழந்தையைப் பெரியாயியிடம் விட்டுவிட்டு இருவரும் பதுளைக்கு இறங்கினார்கள். கடைவீதியில் டாக்டர் இத்ரூஸின் கிளினிக். கூட்டம் அலைமோதும். ஆனாலும் அவர் நோயாளியைப் பேச விட்டுக் கேட்கிற ரகம். அங்கம்மா சொன்னதை எல்லாம் கேட்டார், சிரிக்கவில்லை. நல்லையாவின் முழங்காலைத் தட்டிப் பார்த்தார், கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“பயப்பட வேணாம் மகள். தூக்கத்துல ரெண்டு வகை இரிக்கி. ஒண்டுல மூளையும் ஓய்வெடுக்கும். மத்ததுல மூளை படம் ஓட்டும், அதுதான் கனவு. கனவுல நீங்க ஓடுறீங்க, அடிக்கிறீங்க. நெசமாவே உடம்பும் ஓடினா என்னாகும்? கை கால் முறிஞ்சிரும். அதுக்காக இங்க,” தன் பிடரியைத் தொட்டுக் காட்டினார், “மூளையிட தண்டுல கொஞ்சம் அணுக்கள் காவல் நிக்கிது. கனவு தொடங்கினதும் உடம்பப் பூட்டிரும். முடிஞ்சதும் தொறந்திரும்.”

“எல்லாத்தையுமா ஐயா?”

“ரெண்ட மட்டும் பூட்டாது. கண்ணு. மூச்சு.”

அங்கம்மாவுக்குக் கவ்வாத்து நினைவுக்கு வந்தது. எல்லாவற்றையும் வெட்டி, மூச்சுக்கு ஒன்றை விடுவது...

“இவருக்கு அந்தப் பூட்டு விழுகிதில்ல. அதனால கனவுல செய்யிறத எழும்பிச் செய்யிறார். வெளிநாட்டுல பூனைக்கு அந்த அணுக்கள அழிச்சுப் பாத்திரிக்காங்க. தூங்கிற பூனை எழும்பி, இல்லாத எலியப் பிடிச்சிச்சாம். மனுசருக்கு இப்பிடி வந்து நான் படிச்சதில்ல. ஆனா பூனைக்கு வந்தா மனுசனுக்கும் வரலாம். உங்களுக்கு மறுபக்கம். முழிப்பு வந்த பொறகும் பூட்டுத் தொறக்கப் பிந்துது. ராவு பகலா மாறித் தூங்கினா, பால் குடுக்க எழும்பி எழும்பிப் படுத்தா, அந்த அணுக்கள் தடுமாறும்.”

“குழந்தைக்கு?” என்று கேட்டாள். அவளுக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

“பிறந்த பிள்ளைட தூக்கத்துல பாதி கனவு. பூட்டு இன்னும் சரியா இறுகல்ல. அதுதான் தூக்கத்துல சிரிக்கிறதும் கை கால் உதறுறதும்.”

“நரி வெரட்டுதுன்னு சொல்லுவாங்க,” என்றான் நல்லையா.

டாக்டர் முதல் தடவையாகச் சிரித்தார். பிறகு கண்டிப்பாகச் சொன்னார். கத்தி அந்த அறையில் இருக்கவே கூடாது. கொஞ்ச நாளைக்கு நல்லையா வேறெங்காவது தூங்க வேண்டும். “உங்களுக்கு ஒண்டு செல்லுறன் மகள். பூட்டி இரிக்கக்குள்ள கைய அசைக்கப் பாத்துப் போராடாதீங்க. மூச்சு உங்கட கையில இரிக்கி. அத வேகமா இழுத்து விடுங்க. பூட்டு உடையும்.”

எழுந்து வாசல்வரை வந்தவள் திரும்பினாள். “ஐயா, அவரு எந்திரிக்கிற நேரம் பாத்து எனக்குப் பூட்டுதே. அவருக்கு விழ வேண்டிய பூட்டு எனக்கு விழுந்த மாதிரி. அது ஏன்?”

டாக்டர் பேனாவை மூடினார். “தற்செயல்,” என்றார். சொல்லிவிட்டு அவரே அதை ஒருமுறை யோசித்தது போலிருந்தது.

அன்றிலிருந்து நல்லையா ஸ்டோரின் மேல்மாடியில், கொழுந்து வாட்டுகிற இடத்தில் ஒரு மூலையில் படுத்துக்கொண்டான். லயத்திலிருந்து ஸ்டோர் அரை மைல் கீழே. கத்தியைப் பெரியாயி முணுமுணுத்துக்கொண்டே எடுத்துப் போனாள். அங்கம்மா கதவுக்குக் கொண்டி போட்டுக்கொண்டு தூங்கினாள். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு வாரம் நிம்மதி. டாக்டர் இருந்த திசையைப் பார்த்து அவள் கும்பிட்டாள் என்றே சொல்லலாம்.

பெரியாயிக்குத்தான் மனசு ஆறவில்லை. முப்பது கழியாத பச்சை உடம்புக்காரியை இரும்பில்லாமல் போட்டுவைத்திருக்கிறதே இந்தப் படித்த டாக்டர் பேச்சு என்று அவளுக்கு வயிறு எரிந்தது. அவள்மேல் குற்றம் சொல்ல முடியாது, அந்தக் குழந்தையின்மேல் உயிரையே வைத்திருந்தவள். தம்பிதான் இப்போது அங்கே தூங்குவதில்லையே, இனி என்ன பயம் என்று நினைத்தாள். ஒரு காலை, அங்கம்மா முகம் கழுவத் தண்ணீர்ப் பீலிக்குப் போன சமயம், கத்தியைப் பாய்க்கடியில் சொருகிவிட்டு, வாய் திறக்காமல் மலைக்குப் போய்விட்டாள்.

அன்று பனி இறங்கியிருந்தது. ஜன்னல் பலகை இடுக்கில் புகை போல உள்ளே வந்தது. அங்கம்மா கொண்டி போட்டாள். குழந்தைக்குப் பால் கொடுத்து, நான்கு குச்சிக்கு நடுவே படுக்கவைத்து, அதன் பக்கம் திரும்பிப் படுத்தாள். தூரத்தில் கொழுந்து நிறுக்கிறவர்கள் கத்துவது கேட்டது. மணி பத்து.

சரக்...

கண் திறந்தது. கண் மட்டும்.

உடம்பு பூட்டிக் கிடந்தது.

பாய்க்கடியிலிருந்து ஏதோ உருவப்படுவதை முதுகில் உணர்ந்தாள். அங்கே கத்தி இருந்தது அந்த நொடியில்தான் அவளுக்குத் தெரிந்தது.

அவர் எப்போது வந்தார்? யார் கதவைத் திறந்தது?

கண்ணை ஓரத்துக்கு ஓட்டினாள். கொண்டி போட்டபடியே இருந்தது.

அவன் அவளைத் தாண்டி வந்தான். இந்தத் தடவை அவள் காலையும் கையையும் தொடவில்லை. நேராகக் குழந்தையிடம் போனான்.

குழந்தையின் கால்மாட்டில், அவளுக்கு முதுகைக் காட்டிக் குந்தினான். நல்லையாவின் முதுகு. ஸ்டோரில் அடுப்புத் தகரம் பட்டுச் சுட்ட தழும்பு, தோளில், அவனுக்கு இருந்த அதே இடத்தில்.

ஆனால் இடுப்பில் சாக்குப் படங்கு கட்டியிருந்தான். மலையில் வேலை செய்கிறவர்கள் கட்டுகிற படங்கு. நனைந்து, சொட்டிக்கொண்டு...

ஸ்டோர்க்காரன் படங்கு கட்ட மாட்டான்.

சரக்.

ஒரு குச்சி சாய்ந்தது. துணி ஒரு மூலையில் தொங்கியது.

சரக்.

இரண்டாவது.

குழந்தை அசையவில்லை. தூக்கத்தில் எப்போதும் கை கால் உதறுகிற குழந்தை. கட்டை போலக் கிடந்தது. கண் திறந்திருந்தது. கருவிழி மட்டும் ஓடியது... அந்தப் பக்கம்... இந்தப் பக்கம்...

பூட்டு குழந்தைக்கும் விழுந்துவிட்டது.

அங்கம்மாவின் உள்ளே ஒரு அலறல் எழுந்தது. வெளியே வரவில்லை.

சரக்.

மூன்றாவது குச்சி.

ஒன்று மிச்சம். ஒரு கிளை. விட்டுவிடு... மூச்சுக்கு விட்டுவிடு...

அவன் நிறுத்தினான். தலையைச் சாய்த்தான். யாரோ பின்னாலிருந்து சொல்வதைக் கேட்பது போல.

தலையை ஆட்டினான்.

இடது கை நான்காவது குச்சியைப் பிடித்தது.

மூச்சு... மூச்சு உங்கட கையில இரிக்கி...

இழுத்தாள். விட்டாள். இழுத்தாள். விட்டாள். நெஞ்சு வெடிக்கிற மாதிரி. குழந்தையின் முகத்துக்கு நேரே ஊதினாள். அதன் நெற்றி முடி பறந்தது.

கத்தி குச்சியில் பதிந்தது.

ஊதினாள். உயிரையே ஊதினாள்.

குழந்தையின் உதடு கோணியது...

வீல் என்று கத்தியது.

கத்தி தரையில் விழுந்த சத்தம் கேட்டது. முதுகு நிமிர்ந்தது. முகம் மெதுவாக அவள் பக்கம் திரும்பத் தொடங்கியது...

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அதே நொடியில் கை கால் வந்தது. கண்ணை மூடியபடியே பாய்ந்து குழந்தையை வாரினாள்.

திறந்து பார்த்தபோது அறையில் யாரும் இல்லை.

கொண்டி போட்டபடியே இருந்தது. மண் தரையில் ஈரம். கத்தி கிடந்தது. மூன்று குச்சிகள் விழுந்து கிடந்தன. கவ்வாத்து வெட்டு எப்போதும் சாய்வாக இருக்கும், மழைத் தண்ணீர் தங்காமல் வடிவதற்கு. மூன்றிலும் அதே சாய்ந்த வெட்டு. நான்காவது குச்சி நின்றுகொண்டிருந்தது. அதில் பாதிவரை வெட்டு இறங்கியிருந்தது.

அவள் எப்படி ஸ்டோர்ப் பாதையில் ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. பாதி வழியில் நல்லையா எதிரே ஓடிவந்தான், செருப்பில்லாமல், பேயறைந்தவன் போல. அவன் பின்னால் தேயிலைப் பெட்டி ஏற்ற வந்த லொறி டிரைவர் அலவி மூச்சு வாங்க ஓடிவந்தார்.

அங்கம்மா நின்றுவிட்டாள். குழந்தையை இறுக்கிக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள்.

“கிட்ட வராதீங்க! இப்பத்தானே வந்தீங்க? எப்படி வெளிய போனீங்க?”

“நானா?” என்றான் நல்லையா. “புள்ள அழுதுச்சு. அது கேட்டுத்தான் ஓடியாறேன்.”

அரை மைல் தூரம். கீழே தூள் சலிக்கிற மெஷின் ஓடுகிற ஸ்டோர்.

“தங்கச்சி, இவர் எங்கயும் போகல்ல,” என்றார் அலவி. அவர் தோட்டத்து ஆள் இல்லை, இவர்கள் கதை எதுவும் அவருக்குத் தெரியாது. “நான் மேல பக்கத்துலதான் சாஞ்சிருந்தன். இவர் நல்லாத் தூங்கினார். திடீரெண்டு எழும்பிக் குந்திக்கிட்டு, கையால என்னவோ வெட்டுற மாதிரி செஞ்சார். கூப்பிட்டன், கேக்கல்ல. பொறகு ‘அழுவுது’ண்டு கத்திக்கிட்டு ஓடினார்.”

நல்லையா தானாகவே சொன்னான். “சின்னச் செடிகிட்ட கூட்டிட்டுப் போனாரு. மூணு கெளய வெட்டச் சொன்னாரு. நாலாவதுல நிறுத்தினேன். மூச்சுக்கு விடணும்ல? ‘சின்னச் செடிக்கு எதுக்கு மூச்சு? அதயும் வெட்டு’ன்னாரு.”

அங்கம்மா அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். நல்லையா அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். இந்தத் தடவை அவள் தடுக்கவில்லை.

அன்று சாயங்காலமே பெரியாயி வீட்டுக்குப் போய்விட்டார்கள். பெரியாயி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அதன்பிறகு நல்லையா தூக்கத்தில் எழுந்ததே இல்லை. அங்கம்மாவையும் எதுவும் அமுக்கவில்லை.

முப்பது கழிந்ததும் பதுளைக்குப் போய் டாக்டரைப் பார்த்தாள். பாதி வெட்டுப்பட்ட அந்தக் குச்சியையும் துணியில் சுற்றி எடுத்துப் போயிருந்தாள். இத்ரூஸ் வெகு நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பூட்டு, அணுக்கள், கனவு என்று அவர் முன்பு சொன்னது எதுவும் பொய்யில்லை. அவர் சொல்லிக்கொடுத்த மூச்சுதான் பிள்ளையைக் காப்பாற்றியது. அதை அவள் சொன்னபோதும் அவர் சந்தோசப்படவில்லை.

“எனக்குத் தெரிஞ்சத செல்லிட்டன் மகள்,” என்றார். “இது எனக்குத் தெரியாது.”

கதை இதோடு முடிந்திருந்தால் நானும் இதைச் சொல்லியிருக்க மாட்டேன். ஏதோ கனவு, ஏதோ பிரமை என்று விட்டிருப்பேன்.

காம்பராவின் சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அங்கம்மா கங்காணியைக் கேட்டாள், அங்கே முன்னால் யார் இருந்தார்கள் என்று. அவர் முதலில் மழுப்பினார். அவள் விடவில்லை.

“கந்தப்பன்னு ஒருத்தன்,” என்றார் கங்காணி. “கவ்வாத்துல கெட்டிக்காரன். பொண்டாட்டி நல்லம்மா. அவுங்களுக்கு மொதப் புள்ள அந்தக் காம்பராவுலதான் பொறந்துச்சு. முப்பது கழியல. காலையில பத்து மணி இருக்கும், பக்கத்துல படுத்திருந்தவ கத்திக்கிட்டு வெளிய வந்தா. புள்ள செத்துக் கெடந்துச்சு.”

“எப்படி?”

“தூக்கத்துல அவளே உருண்டு அமுக்கியிருப்பான்னு ஊரே சொல்லுச்சு. அவ ஒத்துக்கல. முழிச்சுத்தான் இருந்தேன், கைய அசைக்க முடியலன்னா. புருசன் கத்தியோட வந்து குந்தியிருந்ததக் கண்ணால பாத்தேன்னு சத்தியம் பண்ணினா. யாரு நம்புவா? கந்தப்பன் அந்நேரம் மலையில எங்கூட நின்னு வெட்டிக்கிட்டிருந்தான். நாப்பது பேரு பாத்தோம். பைத்தியம்னுட்டாங்க. ஒப்பந்தத்துல இந்தியாவுக்குக் கப்பல் ஏறுறவரைக்கும் அவ யார்கிட்டயும் பேசல.”

அங்கம்மா அந்த முகம் தெரியாத பெண்ணை நினைத்தாள். ஊர் முழுக்கக் கொலைகாரி என்று சொல்லக் கேட்டுக்கொண்டே கப்பல் ஏறியவள். அவளுக்கு மூச்சைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க யாரும் இருக்கவில்லை.

சாவியைக் கையில் இறுகப் பிடித்துக்கொண்டு, கேட்கவே பயந்த ஒன்றைக் கேட்டாள்.

“புள்ளைக்குத் துணி கட்ட குச்சி நட்டிருப்பாங்களே, கங்காணி. அது எப்படி இருந்துச்சு?”

கங்காணி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“அது ஒனக்கு எப்படித் தெரியும்? வெட்டிக் கெடந்துச்சு. சாய்வா, சுத்தமா.”

“எத்தன?”

“நாலும்,” என்றார்.